இடைக்கால இங்கிலாந்தில் நிகழும் நாவலை வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இடைக்கால இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட வரலாற்று நாவலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர், பின்னணியைத் தெரிந்துகொள்ள விரும்பினால் பெரும்பாலும் அரசர்களின் பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார். வில்லியம், ஹென்றி, ரிச்சர்ட், எட்வர்ட் என்று அதே பெயர்கள் எண்களோடு திரும்பத் திரும்ப வருவதால் அந்தப் பட்டியல் விரைவிலேயே சலித்துவிடுகிறது. முழுவதையும் மனப்பாடம் செய்தாலும், கதையில் வரும் ஒரு குடியானவப் பெண் தன் மகளுக்குத் திருமணம் செய்துவைக்க நிலப்பிரபுவுக்கு ஏன் பணம் கட்டினாள் என்ற எளிய கேள்விக்கு அதில் விடை கிடைக்காது.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. கதைமாந்தர் ஒவ்வொருவரும் யாருக்கு என்ன கொடுக்கக் கடமைப்பட்டிருந்தார், எத்தனை நாள் உழைப்பு, எவ்வளவு தானியம், எவ்வளவு காசு என்ற கேள்வியை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். அக்காலத்துச் சாதாரண மக்களைப் பற்றி எஞ்சியிருக்கும் ஆவணங்களில் பெரும்பகுதி இந்தக் கடமைகளைக் கணக்கு வைப்பதற்காகவே எழுதப்பட்டது. ஆகவே அந்தக் கேள்வி கதையையும் திறந்துவிடும், ஆவணத்தையும் திறந்துவிடும்.

முதலில் ஆண்டையும் ஊரையும் உறுதிசெய்க

‘இடைக்காலம்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. இங்கிலாந்தைப் பற்றிய நாவல்களில் பெரும்பாலானவை 1066ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்கும், மூன்றாம் ரிச்சர்ட் போரில் மாண்ட 1485ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டவை. அந்த நானூறு ஆண்டுகளுக்குள்ளும் வாழ்க்கை ஒரே மாதிரி இருக்கவில்லை. ஸ்டீஃபன் மன்னரும் மட்டில்டாவும் ஆட்சிக்காகப் போரிட்ட 1140களில் குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தித் தன் குற்றமின்மையை மெய்ப்பிக்க நேரிடலாம். 1215இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் திருச்சங்கம் இத்தகைய சோதனைகளில் குருமார்கள் பங்கேற்பதைத் தடைசெய்தது. அதன் பிறகு இங்கிலாந்தில் ஜூரி விசாரணை அந்த இடத்தைப் பிடித்தது. யூதர்கள் 1290இல் முதலாம் எட்வர்டால் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். எனவே 1340களில் நிகழும் கதையில் ஒரு யூத வணிகர் லண்டனில் வெளிப்படையாகக் கடை நடத்துவதாக வந்தால், அங்கே ஓர் அடையாளம் வைத்துவிட்டு ஆசிரியர் அதற்கு என்ன விளக்கம் தருகிறார் என்று கவனிக்க வேண்டும். வழக்காடுவோர் ஆங்கிலத்தில் வாதிடலாம் என்ற சட்டம் 1362இல்தான் வந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான கேக்ஸ்டனின் அச்சகம் வெஸ்ட்மின்ஸ்டரில் 1476இல் தொடங்கியது.

கதை நிகழும் ஆண்டைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகளில் நடந்த பெரிய நிகழ்வுகளையும் அதன் கீழே எழுதிக்கொள்ளுங்கள். கதைமாந்தரின் நினைவில் இருப்பவை அவைதாம். கதை 1349இல் நிகழ்கிறது என்றால், நாற்பது வயதுடைய ஒருவர் 1315 முதல் 1317 வரை நீடித்த பெரும்பஞ்சத்தைச் சிறுவயதில் கண்டவர். 1337இல் தொடங்கிய பிரெஞ்சுப் போருக்கு வரி கட்டியவர். ஒருவேளை 1346இல் கிரேசி போர்க்களத்துக்குத் தன் ஊரிலிருந்து ஒரு வில்லாளியை அனுப்பிவைத்தவர். இவற்றை அறிந்தபின், அவர் ஒரு மூட்டைத் தானியத்தை ஒளித்துவைக்கும் காட்சி வெறும் கஞ்சத்தனமாகத் தோன்றாது.

ஊரின் இருப்பிடமும் அதே அளவு முக்கியம். மத்திய இங்கிலாந்தில் ஊரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று பெரிய திறந்த வயல்கள் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்தின் நிலமும் அவற்றில் நீண்ட பட்டைகளாகச் சிதறிக் கிடந்தது. நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன் என்னும் ஊரில் அந்த முறை இன்றும் உயிரோடிருப்பதால், அதன் வரைபடத்தையும் படங்களையும் ஒருமுறை பார்ப்பது பல பக்க விளக்கங்களைவிடப் பயன் தரும். சொத்துரிமையும் இடத்துக்கு இடம் மாறும். பல இடங்களில் மூத்த மகனுக்கே நிலம்; கென்ட் பகுதியின் வழக்கப்படி மகன்களுக்குச் சமபங்கு; சில ஊர்களில் கடைசி மகனுக்கு. உடன்பிறந்தோர் பகையை மையமாகக் கொண்ட நாவலில் இந்த ஒரு செய்தி கதையின் அச்சாணியாகவே இருக்கக்கூடும்.

அடுத்து, யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று வரைந்துகொள்க

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். எடுத்துக்காட்டுக்காக நானே ஒரு நாவல் பத்தியை அமைத்துக்கொள்கிறேன். ‘கணவனைப் புதைத்த மூன்றாம் நாள் ரீவ் வந்து சிவப்புப் பசுவை ஓட்டிப்போனான். மறுநாள் பங்குக்குருவின் ஆள் வந்து கன்றைப் பிடித்துக்கொண்டு போனான். ஆக்னஸ் இருவரையும் தடுக்கவில்லை; அடுத்த நீதிமன்றம் எப்போது கூடும் என்று மட்டும் கேட்டாள்.’ பின்னணி அறியாத வாசகருக்கு இது இரண்டு கொள்ளைகளாகவும், ஒரு பெண்ணின் கையறு நிலையாகவும் தோன்றும். உண்மையில் இங்கே நடப்பது வழக்கமான நடைமுறை.

ஆக்னஸின் கணவன் ஒரு வில்லீன், அதாவது நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவன். அவன் சந்தையில் விலைபேசி விற்கப்படும் அடிமையல்லன். ஆனால் நிலப்பிரபுவின் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாதவன், அரசரின் நீதிமன்றத்தில் தன் பிரபுவுக்கு எதிராக நிலத்துக்காக வழக்காடவும் முடியாதவன். அவன் வைத்திருந்த நிலம் ஒரு விர்கேட்டாகவோ அதில் பாதியாகவோ இருக்கலாம். விர்கேட் என்பது ஊருக்கு ஊர் மாறினாலும் பல இடங்களில் ஏறத்தாழ 30 ஏக்கர். அந்த நிலத்துக்காக அவன் வாரத்தில் சில நாள்கள் பிரபுவின் சொந்த வயலில் உழைக்க வேண்டும், அறுவடைக் காலத்தில் கூடுதலாகவும் உழைக்க வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் பல ஊர்களில் இந்த உழைப்புக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் பரவியிருந்தது. அவன் இறந்தால் வீட்டிலுள்ள மிகச்சிறந்த கால்நடை பிரபுவுக்கு. இதற்கு ஹெரியட் என்று பெயர். இரண்டாவது சிறந்தது பங்குக்குருவுக்கு. பசுவும் கன்றும் போனது இப்படித்தான்.

பசுவை ஓட்டிப்போன ரீவ் யார்? அவனும் அதே ஊர்க் குடியானவனே. ஊரார் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பிரபுவின் விளைநிலத்தை மேற்பார்வையிடும் பொறுப்பை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைப்பார்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு முட்டைக்கும் ஒவ்வோர் ஆட்டுக்கும் அவர் கணக்குக் காட்ட வேண்டும், குறைந்தால் தன் கையிலிருந்து ஈடுசெய்யவும் வேண்டும். பெய்லிஃப் எனப்படுபவர் பிரபு சம்பளம் கொடுத்து வைக்கும் அதிகாரி. ஸ்டீவர்டு அவருக்கும் மேலே, பல ஊர்களைச் சுற்றிவந்து நீதிமன்றங்களை நடத்துபவர். இந்த மூவரையும் ஒருவரோடொருவர் குழப்பிக்கொண்டால் நாவலின் பாதி மோதல்கள் புரியாமல் போய்விடும். தன் அண்டைவீட்டாரின் பசுவை ஓட்டிப்போகும் ரீவின் மனநிலையும், சம்பளத்துக்கு வந்த வெளியூர் அதிகாரியின் மனநிலையும் ஒன்றல்ல. நம் ஊர் ஜமீன் கதைகளில் கண்ட மனிதர்களை இவர்கள்மேல் ஏற்றிப் பார்க்கும் ஆசை எழும். அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆக்னஸ் கேட்ட நீதிமன்றம் மேனர் நீதிமன்றம், அதாவது பிரபுவின் பண்ணைக்குரிய ஊர் மன்றம். வழக்கப்படி கணவனின் நிலத்தை முழுதாகவோ ஒரு பங்காகவோ தன் வாழ்நாளுக்கு வைத்துக்கொள்ளும் உரிமை பல ஊர்களில் விதவைகளுக்கு இருந்தது. அந்த உரிமை மன்றத்தின் பதிவேடான தோல் சுருளில் எழுதப்பட வேண்டும்; அதற்காகத்தான் அவள் தேதியைக் கேட்டாள். மகளின் திருமணத்துக்கு மெர்ச்செட் என்னும் கட்டணம் செலுத்தப்பட்டதும் அதே சுருளில் பதிவாகும். வீட்டில் ஏல் என்னும் பீர்வகையைக் காய்ச்சி விற்ற பெண்கள் விதிமீறலுக்காகச் செலுத்திய தண்டமும் அங்கே இருக்கும். அதே பெண்கள் மன்றம்தோறும் அதைக் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது, பல இடங்களில் அது ஒருவகை உரிமக் கட்டணமாகவே மாறிவிட்டிருந்தது தெரிகிறது.

கறுப்பு மரணம் எனப்படும் கொள்ளைநோயைப் பற்றி ஊர் அளவில் நமக்குத் தெரிந்த பலவும் இந்தச் சுருள்களால்தான் கிடைத்தன. நோய் 1348 கோடையில் தென்கடற்கரையில் நுழைந்தது. சஃபோக்கிலுள்ள வால்ஷம் லெ வில்லோஸ் என்ற ஊரில் 1349 ஜூனில் கூடிய மன்றத்தின் ஒரே அமர்வில் நூற்றுக்கும் மேற்பட்ட நிலக்குடிகளின் இறப்பு பதிவாகியுள்ளது. இரங்கல் தெரிவிப்பதற்காக எவரும் அந்தப் பெயர்களை எழுதவில்லை. ஹெரியட் வசூலிக்க வேண்டியிருந்ததால் எழுதினார்கள். 1381இல் எழுந்த குடியானவர் கிளர்ச்சியின்போது பல ஊர்களில் மக்கள் இந்தச் சுருள்களையே தேடி எடுத்து எரித்தார்கள், ஏனெனில் தாங்கள் வில்லீன்கள் என்பதற்கான சான்று அவற்றில்தான் இருந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ஒருவர், மடத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று சொல்லி நகரத்தாரின் திருகைக் கற்களைப் பறித்து மடத்தின் தரையில் பதித்திருந்தார். 1381இல் அந்நகரத்தார் உள்ளே புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்தெடுத்தார்கள். கிளர்ச்சியைச் சித்தரிக்கும் நாவலில் ஒரு கல்லுக்காக மனிதர்கள் ஏன் உயிரைப் பணயம் வைக்கிறார்கள் என்பது இதை அறிந்தவருக்கு விளங்கும்.

பணத்தைக் கூலியோடு ஒப்பிட்டுப் படிக்க

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி; ஆகவே பவுண்டுக்கு 240 பென்னி. மார்க் என்பது 160 பென்னிக்குச் சமமான கணக்கு அளவு மட்டுமே, அப்படி ஒரு நாணயம் இங்கிலாந்தில் இருந்ததில்லை. 1279இல் முதலாம் எட்வர்ட் நாணயங்களைச் சீர்திருத்தும் வரை புழக்கத்தில் இருந்தது கிட்டத்தட்ட வெள்ளிப் பென்னி ஒன்றுதான். சில்லறை வேண்டுமானால் அதையே இரண்டாகவோ நான்காகவோ வெட்டினார்கள்.

இன்றைய ரூபாய் மதிப்புக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம். அது எப்போதும் தவறான எண்ணத்தையே தரும். ஒரு நாள் கூலியோடு ஒப்பிடுங்கள். கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்தபோது, அதைப் பழைய நிலைக்கு இறக்குவதற்காக 1351இல் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி வைக்கோல் வேலைக்கு நாளொன்றுக்கு 1 பென்னி, தலைமைத் தச்சருக்கு 3 பென்னி, கல்லைச் செதுக்கும் தலைமைக் கொத்தனாருக்கு 4 பென்னி. இந்த மூன்று எண்களையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் பதினான்காம் நூற்றாண்டு நாவலில் வரும் எந்தத் தொகையையும் ஓரளவு எடைபோடலாம். லெஸ்டர் மடத்துத் துறவி ஹென்றி நைட்டன், நோய்க்காலத்தில் 40 ஷில்லிங் பெறுமான குதிரை அரை மார்க்குக்கு விற்றது என்று எழுதுகிறார். அதாவது 480 பென்னி பெறுமானமுள்ளது 80 பென்னிக்கு, ஆறில் ஒரு பங்கு விலைக்குப் போனது. அவர் பல பத்தாண்டுகள் கழித்து, நிலமுடைய ஒரு மடத்தின் உறுப்பினராக இருந்து எழுதியவர் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். கூலியாள்களின் ‘ஆணவம்’ பற்றி அவர் பேசும் இடங்கள் முதலாளியின் குரல்.

நாளையும் நேரத்தையும் திருச்சபையின் கணக்கில் பார்க்க

நாவலின் பாத்திரங்கள் மாதத் தேதியைவிடத் திருநாள்களையே அதிகம் சொல்வார்கள். மார்ச் 25 அன்னை மரியாவின் மங்கள வார்த்தைத் திருநாள், ஜூன் 24 திருமுழுக்கு யோவான் பிறப்பு, செப்டம்பர் 29 மிக்கேல் அதிதூதர் திருநாள், டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு ஆகிய நான்கும் வாடகையும் கணக்கும் தீர்க்கப்படும் நாள்கள். இவற்றுள் மிக்கேல் திருநாளே பண்ணைக் கணக்கின் ஆண்டு முடிவு. ரீவ் கலங்கி நிற்கும் காட்சி அந்த நாளை ஒட்டி வந்தால் காரணம் அதுதான்.

ஆவணங்களைப் படிக்கும்போது இன்னொரு சிக்கல் எழும். அக்கால இங்கிலாந்தில் ஆண்டின் எண் மார்ச் 25இல் மாறியது. நாம் 1349 பிப்ரவரி என்று சொல்வதை அவர்கள் 1348 பிப்ரவரி என்று எழுதியிருப்பார்கள். அதைவிட அதிகமாக அரசரின் ஆட்சியாண்டையே குறித்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் மன்னரின் பெயருக்குப் பின் ‘யாண்டு’ என்று வருவதைக் கண்ட நமக்கு இது புதிதல்ல. மூன்றாம் எட்வர்டின் ஆட்சி 1327 ஜனவரி 25இல் தொடங்கியது என்பதால், அவருடைய இருபத்துமூன்றாம் ஆண்டு 1349 ஜனவரி 25 முதல் 1350 ஜனவரி 24 வரை நீளும்.

நாளின் பொழுதுகளை மணியோசை பிரித்தது. மடங்களில் மாட்டின்ஸ், லாட்ஸ், பிரைம், டெர்ஸ், செக்ஸ்ட், நோன், வெஸ்பர்ஸ், கம்ப்ளின் என்று நள்ளிரவு முதல் படுக்கை வரை வழிபாடுகள் அமைந்திருந்தன. துறவிகளைப் பற்றிய நாவல் என்றால் இந்த எட்டையும் வரிசையாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது போதுமானது.

உணவையும் வீட்டையும் பற்றி மிகச் சுருக்கமாக

குடியானவர் வீட்டில் பார்லி, ரை போன்றவற்றின் கருத்த ரொட்டி, பட்டாணியும் அவரையும் முட்டைக்கோசும் லீக் என்னும் வெங்காய வகையும் சேர்த்துக் கொதிக்கவைத்த கூழ், ஏல் ஆகியவையே அன்றாட உணவு. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய், வான்கோழி எதுவும் இல்லை. அவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து பின்னர் வந்தவை. மிளகு இருந்தது, செல்வர் வீட்டில். அந்த மிளகு மலபார்க் கரையில் ஏற்றப்பட்டு, செங்கடல், எகிப்து, வெனிஸ் வழியாக லண்டனை அடைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே லண்டனில் மிளகு வணிகர்களுக்கெனத் தனிச் சங்கம் இருந்தது. ஒரு பாத்திரம் மிளகைப் பூட்டிவைப்பதாக வந்தால் வியக்க வேண்டியதில்லை. வீடுகளில் மரச்சட்டம், கழிகளைப் பின்னி மண்பூசிய சுவர், வைக்கோல் கூரை, நடுவில் புகைபோக்கி இல்லாத அடுப்பு. யார்க்‌ஷயரில் கைவிடப்பட்ட வாரம் பெர்சி என்ற ஊரில் 1950 முதல் நாற்பது ஆண்டுகள் நடந்த அகழாய்வு இவ்வீடுகளைப் பற்றிப் பெருமளவு தெளிவைத் தந்தது.

பிறகே மூலங்களுக்குச் செல்க

மேற்சொன்ன அடித்தளம் அமைந்தபின் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூலங்களைப் பயனோடு நாடலாம். ஊர் உண்மையானது என்றால், 1086இல் முதலாம் வில்லியமின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏட்டில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள். எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை குடி என்ற குறிப்பு கிடைக்கும், வரைபடத்தோடு தேடும் வசதியும் உண்டு. அடுத்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு நிறுவனம் பராமரிக்கும் பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் மாவட்ட வரலாறுகளும் அரசு ஆவணச் சுருக்கங்களும் உள்ளன. நகரக் கதை, அதிலும் கொலை வழக்கு என்றால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரிகளின் சுருள்களைக் கொண்டு லண்டன், யார்க், ஆக்ஸ்ஃபோர்டு நகரங்களுக்கு உருவாக்கியுள்ள கொலை வரைபடம் எந்தத் தெருவில், எந்தக் கருவியால், எதற்காகச் சண்டை மூண்டது என்பதைக் காட்டும். புரியாத பழைய ஆங்கிலச் சொல்லுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டு நாவல்களுக்கு நார்ஃபோக்கின் பாஸ்டன் குடும்பக் கடிதங்கள் இணையற்றவை. சொத்துக்காகவும் திருமணத்துக்காகவும் ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்திய போராட்டத்தை அவர்களின் சொந்தச் சொற்களில் படிக்கலாம்.

எழுத்தைவிடப் படம் எளிது என்று கருதுவோர், லிங்கன்ஷயரின் சர் ஜெஃப்ரி லட்ரெல் என்பவருக்காகப் பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கப்பட்ட திருப்பாடல் ஏட்டின் ஓரச் சித்திரங்களைப் பார்க்க வேண்டும். உழவு, விதைப்பு, அறுவடை, சமையல், கோழிக்குத் தீனி போடும் பெண் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது ஒரு பிரபுவின் பணத்தில் அவருடைய கண்ணுக்காக வரையப்பட்டது. அதிலுள்ள குடியானவர்களின் உடை உண்மையைவிடச் சற்றுத் தூய்மையாக இருப்பதில் வியப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாற்று நூல்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. மூல ஆவணங்களின் பதிப்புகள் என்ற அளவில் அவை பயன்படும், ஆனால் வீரர்களையும் மாளிகைகளையும் பற்றிய அவற்றின் கற்பனைகளை ஒதுக்கிவிட வேண்டும்.

நாவலும் ஆவணமும் முரண்படும் இடத்தில்

சில பொய்கள் நாவல்கள் வழியாகவே பரவியுள்ளன. குடியானவன் மணந்த பெண்ணோடு முதலிரவைக் கழிக்கும் சட்டபூர்வ உரிமை பிரபுவுக்கு இருந்ததாகச் சொல்வதற்கு இங்கிலாந்தில் சான்று இல்லை. இருந்தது மெர்ச்செட் கட்டணம். யாரும் தண்ணீரே குடித்ததில்லை என்பதும் சரியல்ல. லண்டன் நகரம் 1245 அளவிலேயே ஊற்றுநீரைக் குழாய் வழியாக நகருக்குள் கொண்டுவரும் பணியைத் தொடங்கியது. பறவை மூக்கு முகமூடி அணிந்த மருத்துவர் 1349இல் வந்தால் அவர் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து வழிதவறி வந்தவர். சூனியக்காரிகளைப் பெருந்திரளாக வேட்டையாடியதும் இடைக்காலம் முடிந்தபின் நடந்ததே.

எனினும் ஒவ்வொரு முரணையும் பிழை என்று தீர்ப்பளிக்க வேண்டாம். பாத்திரங்கள் இன்றைய ஆங்கிலத்தில் பேசுவது வாசகருக்காக ஆசிரியர் எடுக்கும் முடிவு. இரு நிகழ்வுகளை ஒரே ஆண்டுக்குள் நெருக்கிவைப்பதும் அப்படியே. பொறுப்புள்ள ஆசிரியர்கள் இவற்றை நூலின் பின்னிணைப்பில் சொல்லிவிடுகிறார்கள், ஆகவே அந்தப் பக்கங்களை நாவலை முடித்தவுடன் படியுங்கள், தொடங்கும் முன் வேண்டாம். ஆசிரியர் அங்கேயும் விளக்காத முரண் ஒன்று எஞ்சினால், அந்தப் பாத்திரத்தின் நிலை என்ன, அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று குறிப்பேட்டில் மீண்டும் பாருங்கள். பிரபுவின் அனுமதியைப் பெறாமல் ஒரு வில்லீன் நகரத்துக்குப் போய்விட்டான் என்றால் அது ஆசிரியரின் கவனக்குறைவாக இருக்கலாம். அல்லது அவன் ஓடிப்போனவன் என்பதை ஆசிரியர் இன்னும் சொல்லாமல் வைத்திருக்கலாம்.